கிறீஸ் சொட்டாது, தெறிக்கும்

பழைய காரின் அடியில் ஈரம் கண்டால் நாங்கள் எல்லோரும் செய்கிற வேலை ஒன்றுதான். இரவில் கார்ட்போர்ட் மட்டை ஒன்றைக் கீழே தள்ளிவிட்டு விடிய எழும்பிப் போய்ப் பார்ப்போம். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே, அல்லது அதற்குக் கிட்ட, கசிவு இருக்கும். எஞ்சின் ஒயில், ரேடியேற்றர் தண்ணீர், பிரேக் ஒயில் எல்லாவற்றுக்கும் இது ஓரளவு சரிவரும். கிறீசுக்குச் சரிவராது. நிற்கிற காரில் கிறீஸ் இருந்த இடத்தைவிட்டு அசையாது. சில்லு சுழலும்போதுதான் வெளியே வரும். வந்தாலும் கீழே விழாது, சுற்றுகிற சாமான் அதைப் பக்கத்தில் இருக்கிறவை மேலெல்லாம் அள்ளி எறியும். விடியப் பார்த்தால் மட்டை துப்புரவாகக் கிடக்கும். கார் நல்லாய்த்தான் இருக்கிறது என்று வெளிக்கிட்டுப் போனால், சந்தியில் பிரேக் போடும்போது ஒரு பக்கம் இழுக்கும்.

என்னுடையது ஒஸ்டின் மினி. 850 என்று சொல்லுகிற ரகம், உள்ளதைச் சொன்னால் 848 சீ.சீ. பழைய ஸ்ரீ எழுத்து நம்பர் பிளேட். மாமா கல்முனையில் உத்தியோகம் பார்த்த காலத்தில் வாங்கி ஓடியது. கண் பார்வை குறைந்த பிறகு, "மருமகன், இது சும்மா நிண்டா இன்னும் பழுதாப் போகும், நீ கொண்டு போ" என்று திறப்பைத் தந்துவிட்டார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, மதிலோரம் துருப்பிடித்துக் கிடந்த கார்களுக்குக்கூட ஆட்கள் விலை கேட்டு வந்தார்கள். இதற்கும் வந்தார்கள். மாமா ஓம் சொல்லவில்லை. 2022இல் கியூ.ஆர். கோட்டுக்குக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் தந்த நாட்களில் அவர் சரியான முடிவுதான் எடுத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. மினியின் ராங்கியே 25 லீற்றர்தான்.

வீடு மட்டக்களப்பு கல்லடியில். வாவிக்கு மறுபக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அங்கால், கொஞ்சம் வயல் இருக்கிறது. முந்தி மண்முனைத் துறையில் பாதைக்கு, அதாவது வாகனம் ஏற்றுகிற மிதவைக்கு, காத்திருந்து வாவியைக் கடக்க வேண்டும். 2014இல் பாலம் வந்த பிறகு ஆரையம்பதியால் திரும்பி ஒரே ஓட்டமாகப் போய்விடலாம். பாலம் கடந்து கொஞ்சத் தூரம் தார், பிறகு கிறவல், பிறகு வெள்ளாமை வெட்டுக் காலத்தில் உழவு மெசின்கள் கிண்டிவிட்ட சேறு. பத்து அங்குலச் சில்லோடு ஓடுகிற காருக்கு இது லேசான வேலை இல்லை. இந்தக் காருக்கு வருகிற வருத்தங்களில் பாதி அந்தக் கடைசித் துண்டு ரோட்டில் இருந்து வருவதுதான் என்பது என் கணிப்பு.

முதலில் தெரிந்தது கிறீஸ் இல்லை, பிரேக். 2013இல் திறந்த கல்லடிப் புதுப் பாலத்தில் இருந்து டவுன் பக்கம் இறங்கி வரும்போது பிரேக்கை அழுத்தினால் கார் வலப்பக்கம் போகும். எங்கள் ரோட்டில் வலப்பக்கம் என்றால் எதிரே வருகிற பஸ். வலப்பக்கம் இழுக்கிறது என்றால் கோளாறு இடப்பக்கத்தில் என்று எடுக்கலாம்: வலது பிரேக் பிடிக்கிறது, இடது பிடிக்கவில்லை. இடது முன்சில்லின் உட்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் ரயரின் உள்விளிம்பில் கறுப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது.

டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். டிரம்மைக் கழற்றினார்கள், உள்ளே ஈரம். பார்த்தவுடன் "வீல் சிலிண்டர் லீக்" என்றார்கள், அதாவது பிரேக் ஒயிலால் லைனரைத் தள்ளுகிற சிலிண்டர் ஒழுகுகிறது. கப் ரப்பர் புதிது, டிரம்மில் உராய்கிற லைனர் புதிது, எல்லாவற்றையும் பெற்றோல் ஊற்றிப் பளபளவென்று கழுவித் தந்தார்கள். கொஞ்சக் காலம் நேராக நின்றது. பிறகு பழைய குணம் திரும்பவும் வந்தது. அவர்கள் செய்த வேலையில் எனக்குப் பெரிய குறை இல்லை. கழுவின விதத்தில்தான் குறை. ஈரம் என்ன ஈரம், எந்த நிறம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருவரும் பார்க்க முதல் எல்லாம் துணியோடு போய்விட்டது. கசிவு தேடுகிறவருக்கு அந்த அழுக்குத்தான் சாட்சி.

இரண்டாம் முறை டிரம்மை நானே கழற்றினேன். மினியில் இது லேசு. டிரம்மைப் பிடித்திருப்பது இரண்டு ஸ்குரூதான், மற்றது சில்லு நட்டோடு வந்துவிடும். லைனரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் டிரம் கையோடு வரும். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், அதனால் உள்ளே இருக்கிற தூசைக் கொம்பிரசர் காற்றால் ஊதுகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். எங்கள் கராஜ்களில் பொடியன்மார் மூக்கை மூடாமல் ஊதுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

பிரேக் ஒயிலா, கிறீசா என்று அறிய ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். டிரம்முக்குள் இருந்ததை விரலில் தொட்டுத் தண்ணீரில் ஆட்டினேன். சாதாரண பிரேக் ஒயில் கிளைக்கோல் வகை, தண்ணீரோடு கலந்து போய்விடும். இது கலக்கவில்லை. விரலில் அப்படியே நின்றது, தண்ணீருக்கு மேல் ஒரு எண்ணெய்ப் படலம் மினுங்கியது. வீல் சிலிண்டர் குற்றவாளி இல்லை என்பது அதோடு முடிந்தது. எஞ்சின் ஒயிலும் இல்லை. மினியில் எஞ்சினும் கியர்பொக்சும் ஒரே ஒயிலில் கிடப்பவை. அது ஒழுகுவது வழமைதான், என்றாலும் டிரம்முக்குள் வருவதற்கு அதற்கு வழி கிடையாது.

மிச்சம் இருப்பது கிறீஸ். ஆனால் மினியின் முன்பக்கத்தில் கிறீஸ் இல்லாத இடம் எது? சஸ்பென்சன் மேல்கையின் ஊசிக்குக் கிறீஸ் அடிக்கிற ஒரு நிப்பிள், சில்லைத் திரும்பவிடுகிற மேல், கீழ் இரண்டு போல் ஜொயின்டுக்கும் ஒவ்வொரு நிப்பிள், சில்லின் நடுவில் உள்ள ஹப்புக்குள் இரண்டு பெயாரிங், எக்ஸலின் வெளிமுனையில் சில்லு திரும்பினாலும் வேகம் மாறாமல் சுற்ற வைக்கிற சி.வி. ஜொயின்ட். சேர்விஸ் ஸ்டேஷனில் கிறீஸ் கன்னைப் பிடிக்கிற தம்பி நிப்பிளில் இருந்து வழிகிற வரைக்கும் அடித்துவிட்டு அப்படியே அனுப்பினால், அது ஓடும்போது தெறித்து நாலு பக்கமும் பூசிக்கொள்ளும். உண்மையான கசிவை அந்த வழிசல் மூடிவிடும்.

சி.வி. ஜொயின்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இல்லாவிட்டால் இந்தக் காரே இல்லை. 1956இல் சுயெஸ் கால்வாய்ப் பிரச்சினையில் பெற்றோல் தட்டுப்பட்டபோது, சின்ன இடத்தில் நாலு பேர் இருக்கக்கூடிய, குறைவாகக் குடிக்கிற கார் ஒன்று இங்கிலாந்தில் தேவைப்பட்டது. அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே போட்டு, கியர்பொக்சை அதன் அடியில் ஒயில் சம்ப்புக்குள்ளேயே வைத்து, முன்சில்லு இழுக்கிற மாதிரிக் கட்டினார். 1959 ஓகஸ்டில் கார் வெளியே வந்தது. நீளம் 10 அடிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இழுக்கிற சில்லே திரும்பவும் வேண்டும் என்பதில்தான் சிக்கல். லொறிகளின் நீள ஷாப்டில் இருக்கிற சிலுவை ஜொயின்டைப் போட்டால், கோணம் கூடக் கூட ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும், ஸ்ரியரிங் கையில் துள்ளும். அதற்கு மருந்து 1920களிலேயே அல்பிரட் றெப்பா என்ற எஞ்சினியர் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு கிண்ணத்துக்குள் ஆறு உருக்குக் குண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தவாளிப்பு. சில்லு எந்தக் கோணத்தில் திரும்பினாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிற தளத்தில் போய் நிற்கும், அதனால் உள்ளே சுற்றுகிற வேகமே வெளியேயும் கிடைக்கும். பத்து அங்குலச் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு 650 தடவை அளவில் சுற்றும். அத்தனை சுற்றுக்கும் அந்தக் குண்டுகளுக்கு உயிர் கிறீஸ். அந்தக் கிறீசைப் பிடித்து வைத்திருப்பது மடிப்பு மடிப்பான ஒரு றப்பர் பூட். பூட் கிழிந்தால் கிறீஸ் வெளியே போவது பாதிக் கேடுதான். கிறவல் மண் உள்ளே போவது மிச்சக் கேடு.

சரி, தேடலுக்கு வருவோம். மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு இடப்பக்கத்தைக் கழுவினேன், பிறகு சவர்க்காரத் தண்ணீர். பிரேக்கின் றப்பர் ஹோஸை மட்டும் மண்ணெண்ணெய் படாமல் துணி சுற்றி வைத்தேன், மண்ணெண்ணெயும் கிறீசும் அதற்கு ஆகாது. எல்லாம் காய்ந்த பிறகு வீட்டில் இருந்த குழந்தைப் பவுடரை எடுத்துக் கீழ்க்கை, ஸ்ரியரிங் றொட், சொக் அப்சோபர், டிரம்முக்குப் பின்னால் மூடியிருக்கிற பிரேக் பேக்பிளேட், மட்காட்டின் உட்பக்கம் எல்லாவற்றிலும் மெல்லிசாகத் தூவினேன். மனிசி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனா. சொல்ல என்ன இருக்கிறது!

அந்தக் கோலத்தோடு காத்தான்குடியால் ஆரையம்பதி போய், மண்முனைப் பாலம் ஏறி இறங்கித் திரும்பி வந்தேன். போகும்போது பிரேக்கைத் தொடுவதைக் குறைத்தேன். வரும்போது வேண்டுமென்றே அடிக்கடி பிடித்து ஹப்பைச் சூடாக்கினேன். வீட்டுக்கு வந்து ஜாக் போட்டுச் சில்லைக் கழற்றிப் பார்த்தபோது வெள்ளைப் பவுடர் மேல் கறுப்புக் கோடு ஒன்று. கீழ்க்கையில் தொடங்கி, ஸ்ரியரிங் றொட்டின் முனையைக் குறுக்கே வெட்டி, சொக் அப்சோபரில் ஏறி, மட்காட்டின் உட்பக்கத்தில் முடிகிறது. நாலும் நாலு சாமான்கள், ஒன்றுக்கொன்று தொடுப்பு இல்லாதவை. ஆனால் கோடு எல்லாவற்றிலும் ஒரே நேரில் நின்றது.

கிறீஸ் தேடுகிறவர் பார்க்க வேண்டியது இந்தக் கோட்டைத்தான். சுற்றுகிற சாமானில் உள்ள ஓட்டை, தன்னோடு ஒரே தளத்தில் உள்ள எல்லாவற்றிலும் கிறீசை எறியும். அந்தத் தளத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு சுற்றுகிற சாமானுக்கு வந்தால் ஓட்டை அங்கே இருக்கும். அதிகம் பூசிக்கிடக்கிற இடத்தைப் பார்த்துக் குழம்பக் கூடாது. அது எறிபட்ட இடம்தான், பிறந்த இடம் இல்லை. என் கோடு பூட்டின் இரண்டாவது மடிப்புக்கு நேரே போனது. பூட்டோ பார்வைக்கு நல்ல பூட். சில்லு நேரே நிற்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாய் மூடி இருக்கின்றன. ஸ்ரியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, விரிந்த பக்கத்தைக் கைவிளக்கால் பார்த்துக்கொண்டே எக்ஸலைக் கையால் மெதுவாக உருட்டினேன். மடிப்பின் பள்ளத்துக்குள், நகத்தளவு நீளத்துக்கு, ஒரு வெடிப்பு. கறுப்புக் கிறீஸ் அதில் முத்தாக வெளியே வந்து நின்றது.

பிரச்சினை தீர்ந்தது என்று எழும்புகிற நேரத்தில்தான் ஒரு சங்கடம். பூட் இருப்பது பேக்பிளேட்டுக்குப் பின்னால். அது எறிகிற கிறீஸ் பேக்பிளேட்டின் முதுகில்தான் படும், டிரம்முக்குள் போகாது. அப்படியென்றால் டிரம்முக்குள் இருந்தது எது? திரும்பவும் டிரம்மைக் கழற்றினேன். உள்ளே நடுவில் இருந்து ஓரம் வரைக்கும் சூரியக் கதிர் மாதிரிக் கீற்றுகள். நிறம் கறுப்பு இல்லை, மஞ்சள்.

இதை எடுத்துக்கொண்டு காத்தான்குடியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் காக்காவிடம் போனேன். பழைய இங்கிலீசுக் கார்களோடு வளர்ந்தவர். கறுப்பில் ஒரு விரல், மஞ்சளில் ஒரு விரல் தொட்டு இரண்டையும் பெருவிரலில் தேய்த்துப் பார்த்தார். "தம்பி, இது ஒரு லீக் இல்ல. வெளிய ஒண்டு, உள்ளுக்கு ஒண்டு. கறுப்பு எக்ஸல்ல இரிந்து வாறது. மஞ்சள் ஹப்புக்குள்ள இரிந்து வாறது. ஆரோ ஹப்புக்குத் தோணிக் கிறீஸ் அடைஞ்சிரிக்கான்."

தோணிக் கிறீஸ் என்று அவர் சொன்னது ஹார்ட்வெயார்களில் மலிவாக நிறுத்துத் தருகிற மஞ்சள் கிறீசை. எந்தக் கிறீசும் பெரும்பகுதி எண்ணெய்தான். அந்த எண்ணெயை ஓடாமல் பிடித்து வைத்திருப்பது ஒருவகைச் சவர்க்காரம். பழைய மாதிரி மஞ்சள் கிறீசில் அது கல்சியம் சவர்க்காரம். தண்ணீருக்கு நல்லாய்த் தாக்குப்பிடிக்கும், அதனால் தோணி எஞ்சினின் ஷாப்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் அருமையான சாமான். ஆனால் சூடு ஆகாது. 100 பாகை செல்சியசை எட்ட முதலே அது கட்டுக்குலைந்து எண்ணெயாக ஓடத் தொடங்கிவிடும். லித்தியம் கிறீஸ் என்றால் 180 பாகைக்குக் கிட்டவும் தாங்கும். பிரேக் டிரம்மோடு ஒட்டிக்கிடக்கிற ஹப்புக்குள் கல்சியம் கிறீசை அடைவது, வெள்ளத்துக்குப் பயந்து செய்த வேலையாகத்தான் இருக்கும். மாரியில் ரோட்டில் முழங்கால் தண்ணீருக்குள் ஓடிய காரில் பெயாரிங் துருப்பிடித்த அனுபவம் இங்கே எல்லோருக்கும் உண்டு. தண்ணீர் தாங்குகிற கிறீசை நிறைய அடைந்தால் பாதுகாப்பு என்று ஒருவர் நினைத்திருக்கிறார். நினைப்பில் பிழை இல்லை, இடம்தான் பிழை. வயலுக்குப் போய் வருகிற தூரத்துக்குள் அது இளகி, ஹப்பின் வாயை அடைக்கிற றப்பர் ஒயில் சீலைத் தள்ளிக்கொண்டு வந்து லைனரில் விழுந்திருக்கிறது. முதல் கராஜ்காரர் அதைப் பிரேக் ஒயில் என்று நினைத்ததும் இதனால்தான். சூட்டில் இளகின கிறீஸ் பார்வைக்கு ஒயில்தானே.

அந்த மாட்டுவண்டிக் காலத்து ஆட்கள் வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்து அச்சுக்குப் போட்டார்கள், ஒரு வருத்தமும் இல்லை என்று பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார். மாட்டுவண்டிக்குப் பிரேக் டிரம் இல்லை என்று காக்கா பதில் சொன்னார்.

பூட், ஹப் சீல்கள், லைனர் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் சொல்லிவைத்து இரவு பஸ்ஸில் பார்சலாக வந்தன. கிறீஸ் இரண்டு வகை இங்கேயே வாங்கினோம்: சி.வி. ஜொயின்டுக்கு மொலிப்டினம் கலந்த கறுப்பு, பெயாரிங்குக்கு லித்தியம். கிறீஸ் ரின்னைக் கையில் கொண்டு காத்தான்குடி ரோட்டில் நடக்கும்போது 2011 ஆவணி ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. உடம்பில் கிறீஸ் பூசின ஆட்கள் உலாவுகிறார்கள், கிறீஸ் பூதம் என்று கிழக்கு முழுக்கக் கதை பரவி, இரவில் ஆட்கள் தடியோடு காவல் இருந்த காலம். அப்போது கறுப்புக் கையோடு ரோட்டில் இறங்கின மெக்கானிக்மாரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அந்த நேரம் சிரிப்பாக இருக்கவில்லை.

கழற்றுகிற வேலையில் முதல் இடைஞ்சல் எக்ஸலின் பெரிய நட். ஊசியை எடுத்துவிட்டு, கார் நிலத்தில் நிற்கும்போதே ஒருவர் பிரேக்கை மிதிக்க மற்றவர் நீளக் குழாய் போட்டுத் தளர்த்த வேண்டும். ஜாக்கில் தூக்கின பிறகு அதில் தொங்கினால் கார் விழும். இன்னொரு விசயம், மினியில் சஸ்பென்சன் ஸ்பிரிங் இல்லை, றப்பர் கூம்பு. காரைத் தூக்க முதலே மேல்கைக்குக் கீழே ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டால், தூக்கின பிறகு கை கீழே இறங்காமல் நிற்கும், போல் ஜொயின்டை லேசாகப் பிரிக்கலாம். இதைச் செய்யாமல் தூக்கிவிட்டுப் பிறகு றப்பரோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போல் ஜொயின்டின் கூம்பு ஊசி சஸ்பென்சன் கையின் முனையில் உள்ள கண்ணுக்குள் இறுகிப்போய் இருக்கும். நட்டைக் கழற்றினாலும் வராது. அதற்கு இழுவைக் கருவி உண்டு. காக்கா அதைத் தொடவில்லை. என்னிடம் ஒரு பெரிய சுத்தியலைத் தந்து கண்ணின் ஒரு பக்கத்தில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார், மற்றப் பக்கத்தில் தன் சுத்தியலால் ஒரே ஒரு அடி. ஊசியில் அடிப்பதில்லை, கண்ணின் பக்கவாட்டில்தான் அடி. இரும்பு இரண்டுக்கும் நடுவில் அந்தக் கண் ஒரு கணம் நசிந்து விரியும், கூம்பு தன் பாட்டில் கீழே குதிக்கும். டொக் என்று ஒரு சத்தம். என் முழங்கை அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் விறைத்திருந்தது.

ஹப்பை பேக்பிளேட்டோடு சேர்த்து இழுத்தெடுத்து, பிரேக் ஹோஸில் பாரம் விழாமல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டோம். எக்ஸலை வெளியே இழுக்காமல் உள்ளே தள்ளிப் பிடிப்பது முக்கியம். பழைய மினிகளில் எக்ஸலின் உள்முனை ஒரு ஸ்பிளைனில் வழுக்கி நிற்பது, இழுத்தால் கழன்று வந்துவிடும். பிறகு தோல் சுத்தியலால் ஜொயின்டின் விளிம்பில் ஒரு தட்டு. உள்ளே இருக்கிற கம்பி வளையம் சுருங்கி வழிவிட, ஜொயின்ட் கையில் வந்தது.

அந்தக் கிறீசை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் நறநற என்றது. கிறவல். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, உள்வளையத்தைச் சரித்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். எந்தக் குண்டு எந்தத் தவாளிப்பில் இருந்ததோ அதே இடத்துக்கே திரும்பப் போக வேண்டும், அவை ஒன்றோடொன்று தேய்ந்து பழகினவை. காக்கா ஒரு முட்டை மட்டையில் நம்பர் எழுதி வரிசையாக வைத்தார். தவாளிப்புகளில் விரல் நுனியால் தடவினால் பள்ளம் தட்டுப்படக் கூடாது. தட்டுப்படவில்லை, மெல்லிய மினுக்கம் மட்டும். ஸ்ரியரிங்கை முழுக்க ஒடித்து ஓடும்போது டக் டக் என்ற சத்தம் வரத் தொடங்கியிருந்தால் இந்தக் கதைக்கு வேறு முடிவு, வேறு விலை. வெடிப்பு அந்த அளவுக்குப் போக முதல் பிடித்துவிட்டோம்.

புதுப் பூட்டை எக்ஸலில் ஏற்றி, ஜொயின்டுக்கு அளவாகக் கறுப்புக் கிறீஸ் அடைந்து, கம்பி வளையத்தை இரண்டு மெல்லிய ஸ்குரூ டிரைவரால் நசித்துப் பிடித்துக்கொண்டு ஜொயின்டைத் தட்டி ஏற்றினோம். கிளிப் இறுக்க முதல் பூட்டின் சின்ன வாயை ஒரு குச்சியால் தூக்கி, உள்ளே அடைபட்ட காற்றை அமத்தி வெளியே விட வேண்டும். காற்று உள்ளே நின்றால் சூட்டில் ஊதி, கிளிப்புக்கு அடியால் கிறீசைத் தள்ளும். கிறீசைக் கூட அடைந்தாலும் அதே கதைதான். கிளிப்பின் மடித்த வால், கார் முன்னே ஓடும்போது பூட் சுற்றுகிற திசைக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது மாட்டி அவிழ்ந்துவிடும்.

ஹப்பில் மஞ்சள் கிறீசைக் கரண்டியால் வழித்து எடுத்தோம். பெயாரிங்குகள் நல்லது. ஒயில் சீலின் உதடு மட்டும் காய்ந்து கல்லாகி இருந்தது. புதுச் சீல் போட்டால் சரி என்று நான் நினைக்க, காக்கா சில்லு பூட்டுகிற டிரைவ் பிளேஞ்சை வெளிச்சத்துக்குத் தூக்கினார். சீலின் உதடு உராய்கிற கழுத்தில் ஒரு மெல்லிய கோடு. "நகத்தால இழுத்துப் பாருங்க." இழுத்தேன். நகம் தடக்கியது. இத்தனை வருசமாக றப்பரும் தூசும் சேர்ந்து உருக்கில் பள்ளம் அறுத்திருக்கின்றன. அதே இடத்தில் புதுச் சீலின் உதடும் போய் உட்கார்ந்தால் அதுவும் ஒழுகும். லேத்தில் கொடுத்து வளையம் ஏற்றலாம். காக்கா செய்தது அதைவிடச் சிக்கனம்: கழுத்தை மெல்லிய எமரித் தாளால் வட்டமாக மினுக்கி, புதுச் சீலை முழுக்க அடித்து இறக்காமல் ஒரு மயிரிழை வெளியே நிறுத்தினார். உதடு இப்போது பள்ளத்தில் இல்லை, தேயாத உருக்கில் நிற்கிறது. உதட்டுக்குக் கொஞ்சம் கிறீஸ் தடவித்தான் ஏற்ற வேண்டும், காய்ந்தபடி ஏற்றினால் முதல் கிலோமீற்றரிலேயே எரிந்துவிடும். பெயாரிங்குகளுக்குள் லித்தியம் கிறீசை நன்றாக ஊட்டினோம். நடுவில் உள்ள வெறுமையை நிரப்பவில்லை. சூட்டில் விரிய அதற்கும் இடம் வேண்டும்.

லைனர் இரண்டு பக்கமும் புதிது. கிறீஸ் குடித்த லைனரைப் பெற்றோல் ஊற்றி நெருப்பு வைத்துக் காப்பாற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது காப்பாற்றுவது இல்லை, மேல்பக்கம் காயும், சூடேறினால் உள்ளே உள்ளது திரும்பவும் கசியும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் சரியில்லை, கார் அப்போதும் இழுக்கும். பெரிய நட்டை டோர்க் ஸ்பானரில் 60 இறாத்தல் அடிக்கு இறுக்கி, ஊசி ஓட்டை நேர்படும் வரை இன்னும் கொஞ்சம் முன்னே கொண்டு போனோம். ஓட்டையை நேராக்குவதற்காக நட்டைப் பின்னால் தளர்த்தக் கூடாது.

இந்த முறையும் பவுடர் தூவி அதே ரோட்டில் போய் வந்தேன். மட்காட்டின் உட்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. பாலத்தில் இறங்கும்போது ஸ்ரியரிங்கில் இருந்து கையைக் கொஞ்சம் தளர்த்திப் பிரேக் பிடித்தேன், நேரே நின்றது. வலப்பக்க ஹப்பைத் திறந்து பார்க்கலாமா என்று காக்காவைக் கேட்டதற்கு, திறக்காமலே பதில் சொன்னார்: இடதுக்கு மஞ்சளை அடைந்தவன் வலதுக்கு மட்டும் நல்லதைப் போட்டிருப்பானா? வலது கழுத்தில் பள்ளம் விழாததால்தான் அங்கே இன்னும் கசியவில்லை. சீல் ஒரு சோடியாகத்தான் வாங்கினேன், மற்றது அவரிடம் கிடக்கிறது. வெள்ளாமை வெட்டு முடிந்ததும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.